கரிசல் சாலைக்கு எத்தனை கிளிக்?
பின்பக்கக் காயில்ஓவரின் தணிப்பை வீட்டிலேயே சரிசெய்வது பற்றி

திருச்சுழியிலிருந்து அருப்புக்கோட்டைக்கோ நரிக்குடிக்கோ போகும் காரில் பின்சீட்டுக்காரர் சொல்லும் புகார் ஒன்று உண்டு. "முன்னாடி உங்களுக்கு ஒண்ணும் தெரியல. பின்னாடிதான் தூக்கித் தூக்கிப் போடுது." காயில்ஓவர் மாட்டிய காரில் இந்தப் புகார் இன்னும் கூடும். சஸ்பென்ஷனுக்குக் கணிசமாகச் செலவழித்த பிறகும் வீட்டில் உள்ளவர்கள் அந்தக் காரில் ஏறத் தயங்குகிறார்கள். பெரும்பாலும் குறை பொருளில் இருப்பதில்லை. பின்பக்க ஷாக்கின் குமிழ், ஓடும் சாலைக்குப் பொருந்தாத இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். அதைச் சரிசெய்யப் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு டார்ச்சும் ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஆனால் குமிழைத் தொடுவதற்கு முன், அது எதை மாற்றுகிறது, நம் சாலை அதனிடம் எதைக் கேட்கிறது என்ற இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

சாலை எப்படிப்பட்டது

சாலையிலிருந்தே தொடங்குவோம். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பெரும்பகுதி கரிசல். இந்த மண்ணின் களியில் மான்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம் மிகுதி. ஈரம் பட்டால் அதன் மெல்லிய அடுக்குகளுக்கு இடையில் நீர் புகுந்து மண் உப்புகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. சித்திரையில் தரிசுக் காட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவதும், ஐப்பசி மழையில் அதே வெடிப்பு மூடிக்கொண்டு மண் செருப்பில் அப்பிக்கொள்வதும் இந்தக் குணத்தால்தான். சாலைக்கு அடியிலும் அதே மண்தான் இருக்கிறது.

தார் மூடிய நடுப்பகுதியில் ஈரம் அவ்வளவாக மாறுவதில்லை. ஓரத்தில்தான் மழைக்கு ஏறி, வெயிலுக்கு வற்றுகிறது. ஓரத்துச் சீமைக்கருவேலமும் தன் பங்குக்கு உறிஞ்சுகிறது. ஆகவே சாலையின் ஓரம் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் உப்பி, கொஞ்சம் அமுங்கி, சில ஆண்டுகளில் நீண்ட அலைகளாக மாறிவிடுகிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். இடப்பக்கச் சக்கரங்கள் வலப்பக்கத்தைவிட அதிகமாக ஏறி இறங்குவது அதனால்தான்.

ஓடைப் பாலங்களில் வேறு கதை. காங்கிரீட் பாலம் அசையாமல் நிற்கிறது, அதன் இரு பக்கமும் கொட்டிய மண் அமுங்கிவிடுகிறது. ஏறும்போது ஓர் இடி, இறங்கும்போது ஒரு துள்ளல். அடுத்தது வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 நெறிமுறை சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. மணிக்கு 25 கிலோமீட்டரில் கடப்பதற்கென்று வகுத்த வடிவம் அது. ஊர் எல்லையிலும் பள்ளிக்கூட வாசலிலும் நாம் பார்ப்பவை பெரும்பாலும் அதைவிடக் குறுகலானவை, செங்குத்தானவை.

ஆக, ஒரே பயணத்தில் மூன்று விதமான அடி வருகிறது. நீண்ட அலை ஒன்று. பாலமும் வேகத்தடையும் ஒட்டுப்போட்ட குழியும் தரும் கூரான அடி இரண்டாவது. காட்டுப் பாதையில் சின்னச் சின்ன மேடுகள் அடுத்தடுத்து வந்து தரும் தொடர் அதிர்வு மூன்றாவது. ஷாக் இந்த மூன்றையும் சமாளிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், மூன்றும் ஷாக்கிடம் கேட்பது ஒரே பதிலை அல்ல.

காயில்ஓவர் என்பது என்ன

சுருள் ஸ்பிரிங்கின் நடுவே ஷாக் அப்சார்பரை நிறுத்தி, இரண்டையும் ஒரே உறுப்பாக மாட்டும் அமைப்புதான் காயில்ஓவர். நம் ஊருக்கு இது புதிதல்ல. 1998-இல் வந்து, பிறகு தமிழகமெங்கும் வாடகைக் காராக ஓடிய டாடா இண்டிகாவின் பின்பக்கத்தில் ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஆனால் அதைத் திருகி மாற்ற வழி கிடையாது. தொழிற்சாலை வைத்ததுதான் கடைசி வரை. இன்று தனியாக வாங்கி மாட்டும் கிட்களில் இரண்டு வசதிகள் கூடுதலாக வருகின்றன. ஸ்பிரிங் உட்காரும் தட்டை மேலும் கீழும் நகர்த்தி வண்டியின் உயரத்தை மாற்றலாம். குமிழைக் கிளிக் கிளிக்காகத் திருகித் தணிப்பை, அதாவது அசைவை அடக்கும் அளவை, மாற்றலாம்.

இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். பின்பக்கம் தாழ்ந்து அடிபடுகிறது என்று குமிழை இறுக்குகிறார்கள். வண்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் குமிழ் தீர்மானிப்பதில்லை. நிற்கும் வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அசையும் வண்டியின் அசைவை அடக்குவது ஷாக். நிற்கும் இடத்திலேயே தாழ்ந்திருக்கும் வண்டியை எத்தனை கிளிக் இறுக்கினாலும் அது உயராது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நம் சாலைகளில் ஓடும் பல சின்ன கார்களில் பின்பக்கம் இரு சக்கரங்களையும் ஒரே முறுக்குத் தண்டு இணைக்கிறது. ஸ்பிரிங் ஓரிடத்திலும் ஷாக் வேறிடத்திலும் இருக்கும். அப்படிப்பட்ட காருக்கு விற்கும் கிட்டையும் காயில்ஓவர் என்றே அழைக்கிறார்கள். பின்பக்கத்தில் வருவது தனி ஸ்பிரிங்கும் தனி ஷாக்கும்தான். தணிப்பைச் சரிசெய்யும் முறையில் இதனால் பெரிய வேறுபாடு இல்லை. குமிழை எங்கே தேடுவது என்பது மட்டும் மாறும்.

குமிழ் திருகும்போது உள்ளே நடப்பது

ஷாக்கின் உள்ளே எண்ணெய் நிறைந்த குழாய், அதில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன். பிஸ்டனில் நுண்ணிய துளைகளும், அவற்றை மூடிய மெல்லிய எஃகுத் தகடுகளும் உண்டு. சக்கரம் ஏறி இறங்கும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே முண்டியடித்துப் போகிறது. அசைவின் ஆற்றல் சூடாக மாறிக் குழாயின் சுவர் வழியே காற்றில் கரைகிறது. ஊசி இல்லாத மருத்துவ சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி அழுத்திப் பாருங்கள். மெல்ல அழுத்தினால் எதிர்ப்பே தெரியாது, வேகமாக அழுத்தினால் விரல் திணறும். ஷாக்கும் அப்படியே. எவ்வளவு தூரம் அமுங்குகிறது என்பதற்கு அல்ல, எவ்வளவு வேகமாக அமுங்குகிறது என்பதற்குத்தான் அது எதிர்ப்புக் காட்டுகிறது.

குமிழைத் திருகும்போது, தண்டின் நடுவே ஓடும் ஊசி வால்வு ஒன்று தன் இருக்கையை நோக்கி நகர்ந்து, பக்கவழியாகப் போகும் எண்ணெயைக் குறைக்கிறது. ஒரே குமிழ் கொண்ட கிட்களில் பெரும்பாலும் இது ஷாக் நீளும் திசையில்தான் அதிகம் தெரியும். அமுங்கும் திசையில் கொஞ்சம் மாறும். அமுங்குவதை மெக்கானிக்குகள் 'பம்ப்' என்றும், நீளுவதை 'ரீபவுண்ட்' என்றும் சொல்வார்கள். மேட்டில் ஏறும்போது நடப்பது பம்ப். ஏறி முடித்ததும், அமுங்கிய ஸ்பிரிங் வண்டியை மேலே உந்தித் தள்ளுவது ரீபவுண்ட். ஸ்பிரிங் தேக்கிவைத்த ஆற்றல் வெளியே வருவது இந்த இரண்டாவது கட்டத்தில். 'தூக்கிப் போடுது' என்ற புகார் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

மூன்று அடிக்கு மூன்று பதில்

இப்போது சாலையையும் ஷாக்கையும் சேர்த்துப் பார்ப்போம். ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் எந்த வண்டிக்கும் தனக்கென்று ஓர் ஊசலாட்ட வேகம் உண்டு. சாதாரண காருக்கு அது விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை. 12 மீட்டருக்கு ஒரு மேடு என்று அலையாகிப்போன சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறோம் என்று வையுங்கள். விநாடிக்கு 16.7 மீட்டர் கடக்கிறோம். அதாவது விநாடிக்கு 1.4 மேடு. வண்டியின் சொந்த ஊசலாட்டத்தோடு இது கிட்டத்தட்டப் பொருந்திவிடுகிறது. ஒவ்வொரு மேடும் முந்தைய ஆட்டத்துக்கு மேல் ஆட்டத்தைச் சேர்க்கிறது. கரிசல் சாலையில் 40-இல் அமைதியாகப் போன கார் 60-இல் மிதக்கத் தொடங்குவதும், 80-இல் மறுபடி அடங்குவதும் இதனால்தான். இந்த நீண்ட அலைக்குத் தேவை கூடுதல் தணிப்பு.

கூரான அடிக்கு நேர் எதிரானது தேவை. பாலத்தின் விளிம்பில் சக்கரம் கண்ணிமைக்கும் நேரத்தில் மேலே போக வேண்டும். அந்த வேகத்தில் ஷாக் விட்டுக்கொடுக்க மறுத்தால் அடி முழுவதும் வண்டியின் உடலுக்கு ஏறுகிறது. பின்சீட்டில் இருப்பவரின் முதுகெலும்பு அதை உணர்கிறது. ஆட்டம் வண்டியின் சொந்த ஊசலாட்டத்தைவிட ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் வேகமாக வரும்போது, தணிப்பைக் கூட்டக் கூட்ட அதிர்வு உள்ளே அதிகமாகத்தான் வரும். அதிர்வியல் பாடத்தின் அடிப்படை விதி இது.

தொடர் அதிர்வில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. காட்டுப் பாதையில் 80 சென்டிமீட்டருக்கு ஒரு சின்ன மேடு. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். விநாடிக்கு ஏறத்தாழ 14 தடவை அடி விழும். சக்கரமும் அச்சும் தாமாகத் துள்ளும் வேகம் ஏறக்குறைய அதுவே. ரீபவுண்ட் மிக இறுக்கமாக இருந்தால், அமுங்கிய ஸ்பிரிங் நீளுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஒவ்வொரு மேட்டிலும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கடைசியில் அமுக்கத்துக்கு எல்லையாக நிற்கும் ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் போய் உட்காரும். அப்போது சக்கரம் பள்ளத்தின் அடியைத் தொடுவதே இல்லை. தரையைத் தொடாத சக்கரம் பிரேக்குக்கும் பிடிக்காது, ஸ்டியரிங்குக்கும் கேட்காது.

நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான். நீண்ட அலையில் எழும் ஆட்டத்தை அடக்கும் அளவுக்கு இறுக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு கிளிக்கும் வேண்டாம். முழு ஹார்டில் வைத்தால் ரேஸ் கார் போல ஓடும் என்ற நம்பிக்கை ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடத்தின் சமமான தாருக்குப் பொருந்தலாம். அதே தமிழ்நாட்டில், கோவைப் பக்கம் கேத்தனூர்க் காற்றாலைகளுக்கு நடுவே மண் பாதையில் ராலி ஓட்டுகிறவர்கள் நீண்டு அமுங்கும் மென்மையான சஸ்பென்ஷனைத்தான் தேடுகிறார்கள். நம் சாலை இருங்காட்டுக்கோட்டையைவிடக் கேத்தனூருக்குத்தான் பக்கம்.

பின்பக்கத்தின் தனிக்கணக்கு

முன் சக்கரம் ஏறிய அதே மேட்டில் பின் சக்கரம் சற்றுத் தாமதமாக ஏறுகிறது. இரண்டு அச்சுக்கும் நடுவே 2.4 மீட்டர் உள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால் அந்தத் தாமதம் 0.14 விநாடி. முன்பக்கம் ஆடத் தொடங்கிய பிறகு பின்பக்கம் ஆடத் தொடங்குகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் ஆடினால் வண்டி முன்னும் பின்னுமாகத் தலையாட்டிக்கொண்டே போகும். 1930-களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர் மாரிஸ் ஆலி இதை ஆராய்ந்து ஒரு விடை கண்டார். பின்பக்கத்தின் ஊசலாட்டத்தை முன்பக்கத்தைவிடச் சற்றுத் துரிதமாக வைத்துவிட்டால், தாமதமாகத் தொடங்கிய பின்பக்கம் முன்பக்கத்தை எட்டிப்பிடித்துவிடும், வண்டி சமமாக ஏறி இறங்கும். இன்றைய கார் நிறுவனங்களும் அதையே பின்பற்றுகின்றன. பின் ஷாக்கை அளவுக்கு மீறி இறுக்கினால் பின்பக்கம் எட்டிப்பிடிக்க முடியாமல் பின்தங்கும். கம்பெனி கணக்குப் போட்டு வைத்த ஒழுங்கு கெட்டுவிடும்.

அடுத்தது எடை. முன்பக்கத்தில் எஞ்சின் எப்போதும் இருக்கிறது, எடை பெரிதாக மாறாது. பின்பக்கம் அப்படியில்லை. தனியாக ஓட்டும் நாளும் உண்டு. அருப்புக்கோட்டை ஜவுளிக் கடையிலிருந்து குடும்பத்தோடு மூட்டை முடிச்சுகளோடு திரும்பும் நாளும் உண்டு. பின்பக்க மூலை ஒன்றின் மேல் 200 கிலோ நிற்கும்போது ஊசலாட்டம் விநாடிக்கு 1.4 முறை என்றால், அதே ஸ்பிரிங்கின் மேல் 300 கிலோ ஏறும்போது அது 1.14 ஆகிறது. குமிழைத் தொடாமலே தணிப்பின் விகிதமும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. காலியாக ஓட்டிப் பார்த்துச் சரி என்று வைத்த கிளிக், ஆள் ஏறியதும் போதாமல் போவதற்குக் காரணம் இதுதான். ஸ்பிரிங்கை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறும். இரண்டு மடங்கு கடினமான ஸ்பிரிங்குக்கு அதே அளவு அடங்க ஏறத்தாழ 1.4 மடங்கு தணிப்பு வேண்டும்.

குமிழைத் தொடும் முன்

முதல் வேலை டயரில். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் சூடாவதற்கு முன், கதவு ஓரத்து ஸ்டிக்கரில் அச்சிட்ட அளவுக்குக் காற்றைச் சரிசெய்யுங்கள். டயரும் ஒரு ஸ்பிரிங்தான். காற்று ஏறி இறங்கினால் ஷாக்கின் பேச்சு காதில் விழாது. இரண்டாவது, ஷாக் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். தண்டிலும் குழாயிலும் எண்ணெய் கசிந்து அதில் கரிசல் தூசி அப்பியிருந்தால் அது சரிசெய்யும் வேலை அல்ல, மாற்றும் வேலை. கீழ்ப் புஷ் வெடித்துக் 'கடக் கடக்' என்று தட்டினாலும் அப்படியே. பின்பக்க மூலையைக் கையால் பலமாக அமுக்கி விட்டுப் பார்க்கும் பழைய சோதனைக்கும் ஒரு பயன் உண்டு. மேலே வந்து ஒரு தரம் இறங்கி நின்றால் ஷாக் உயிரோடு இருக்கிறது. மூன்று நான்கு தரம் ஆடினால் அது செத்துவிட்டது. இந்தச் சோதனை அவ்வளவுதான் சொல்லும். எத்தனை கிளிக் வேண்டும் என்று சொல்லாது, ஏனென்றால் கையின் வேகம் பாலத்தின் வேகம் அல்ல.

குமிழ் ஷாக்கின் உச்சியில் இருந்தால் டிக்கியின் கார்பெட்டை விலக்கி, பக்கத்துப் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் தெரியும். அதற்கு ஜாக்கி வேண்டியதில்லை. கீழே, ஷாக் அச்சோடு இணையும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் வண்டியைத் தூக்க வேண்டி வரலாம். வண்டியைக் காங்கிரீட் தரையில் நிறுத்துங்கள். கரிசல் தரையில் ஜாக்கி சாயும். வேறு தரை இல்லாவிட்டால் ஜாக்கிக்கு அடியில் கனத்த பலகையாவது போட வேண்டும். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, முதல் கியரில் போட்டு, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு நிறுத்திய பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஷாக்கின் உச்சியில் தெரியும் நடு நட்டைத் தொடவும் கூடாது. பல அமைப்புகளில் அமுக்கிவைத்த ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்துவது அந்த நட்டுதான்.

எண்ணுவது எப்படி

குமிழைச் சுற்றிப் படிந்த தூசியை முதலில் பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் கரிசல் களியாகி இடுக்கில் ஒட்டும். பிறகு குமிழை 'ஹார்டு' திசையில், பெரும்பாலும் வலச்சுற்றாக, இரு விரலால் மட்டும் திருகுங்கள். ஒவ்வொரு கிளிக்கும் விரல் நுனியில் சின்னத் துடிப்பாகத் தெரியும். கிளிக் நின்று குமிழ் இறுகியதும் விட்டுவிட வேண்டும். உள்ளே ஊசி வால்வு தன் இருக்கையைத் தொட்டுவிட்டது. பிளையர் போட்டு மேலும் இறுக்கினால் இருக்கை நசுங்கி, அதன் பிறகு எந்தக் கிளிக்குக்கும் அர்த்தம் இருக்காது.

இந்த முழு ஹார்டுதான் பூஜ்யம். இங்கிருந்து எதிர்த்திசையில் எண்ண வேண்டும். சாஃப்டு முனையிலிருந்து எண்ணினால் அந்த முனை ஒவ்வொரு ஷாக்கிலும் சற்று முன்பின்னாக இருக்கும். இரண்டு பக்கமும் சமமாக வராது. கிட்டுக்குக் கிட்டு மொத்தக் கிளிக்குகளும் மாறும். ஒன்றில் 16, இன்னொன்றில் 32 இருக்கலாம். ஆகவே அடுத்தவர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் கிட்டின் மொத்தத்தை எண்ணி நோட்டில் எழுதுங்கள். வாங்கும்போது எங்கே நின்றது என்பதையும் முதலிலேயே எழுதுங்கள், எப்போது வேண்டுமானாலும் அங்கே திரும்பலாம்.

இடப்பக்கமும் வலப்பக்கமும் எப்போதும் ஒரே எண். இடப்பக்கச் சாலை மோசம் என்பதற்காக அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றினால், அவசரத்தில் பிரேக் மிதிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் வண்டி இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

பின் ஷாக்கின் பளபளக்கும் தண்டில், குழாயின் வாய்க்கு ஒட்டி, மெல்லிய பிளாஸ்டிக் கேபிள் டை ஒன்றைக் கட்டிவிடுங்கள். ஓடும்போது அது எவ்வளவு மேலே தள்ளப்படுகிறதோ அவ்வளவு தூரம் ஷாக் அமுங்கியிருக்கிறது. பம்ப் ஸ்டாப் வரை போய்விட்டதா, இன்னும் எத்தனை விரற்கடை மிச்சம் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். தண்டு ரப்பர் உறைக்குள் மறைந்திருக்கும் கிட்டில் இது முடியாது. அங்கே காதைத்தான் நம்ப வேண்டும். பம்ப் ஸ்டாப்பில் மோதும்போது 'டும்' என்று மந்தமான சத்தம் வரும்.

ஓட்டிப் பார்ப்பது

ஒரே சாலை, ஒரே திசை, ஒரே வேகம், ஒரே எடை. இவை மாறினால் சோதனைக்கு மதிப்பில்லை. ஒரு நீண்ட அலை, ஒரு பாலம், ஒரு வேகத்தடை, ஒட்டுப்போட்ட ஒரு துண்டு ஆகியவை அடுத்தடுத்து வரும் சாலையைத் தேர்ந்தெடுங்கள். திருச்சுழிப் பக்கம் இதைத் தேட அலைய வேண்டியதில்லை. மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலை சோதனைக்கு உதவாது. அங்கே வேகம் அதிகம், பின்னால் லாரி வரும், மெல்ல ஓட்டிப் பார்க்க இடமில்லை. காலை வெயில் ஏறுவதற்கு முன், போக்குவரத்து குறைந்த ஊர்ச் சாலையே நல்லது. வழக்கமாக ஏறும் ஆட்களில் ஒருவரைப் பின்சீட்டில் உட்காரவையுங்கள். ஓட்டுகிறவர் பின் அச்சிலிருந்து தள்ளி உட்கார்ந்திருக்கிறார். பின்சீட்டுக்காரர் ஏறக்குறைய அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறார், அவர் சொல்வதே சரியான சாட்சி.

முன்பக்கத்தை எங்கே இருக்கிறதோ அங்கேயே விட்டுவிட்டு, பின்பக்கத்தை முக்கால்வாசி சாஃப்டில் தொடங்குங்கள். 32 கிளிக் உள்ள கிட்டில் முழு ஹார்டிலிருந்து 24 கிளிக் பின்னே. இந்த நிலையில் நீண்ட அலையைக் கடந்ததும் பின்பக்கம் இரண்டு மூன்று தரம் மிதக்கும், வளைவில் 'பின்னாடி அலம்புது' என்று தோன்றும். அடுத்து இரண்டு இரண்டு கிளிக்காக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் அதே சாலையை ஓட்டுங்கள். மிதப்பு குறையும். மேடு கடந்ததும் பின்பக்கம் மேலே வந்து, ஒரே இறக்கத்தில் நிற்கும் இடம் ஒன்று வரும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அங்கேயே நின்றுவிட வேண்டாம். இன்னும் நான்கு கிளிக் இறுக்கி ஓட்டுங்கள். இப்போது பாலத்தின் விளிம்பில் பின்பக்கம் 'நறுக்'கென்று அடிக்கும். ஒட்டுப்போட்ட துண்டில் பின் சக்கரங்கள் சாலையைத் தொட்டும் தொடாமலும் படபடக்கும். வேகத்தடையில் இறங்கும்போது சீட்டிலிருந்து ஆளைத் தூக்கும். அளவுக்கு மீறிய இறுக்கம் எப்படி இருக்கும் என்பதை உடம்பு இங்கே தெரிந்துகொள்கிறது. இந்த எண்ணையும் குறித்துக்கொண்டு, முன்னே குறித்த எண்ணுக்குத் திரும்புங்கள். அதிலிருந்து ஒவ்வொரு கிளிக்காக முன்னும் பின்னும் நகர்த்தினால் போதும். இரண்டுக்கும் நடுவே சந்தேகம் வந்தால் சாஃப்டான பக்கத்தையே எடுங்கள். சற்று மிதக்கும் வண்டியில் சக்கரம் சாலையைப் பிடித்திருக்கும். அளவுக்கு மீறி இறுகிய வண்டியில் அது சாலையை விட்டுவிடும்.

கூடவே கேபிள் டையையும் பாருங்கள். சரியான எண்ணில் ஓட்டியும் அது பம்ப் ஸ்டாப்பைத் தொட்டால் குமிழால் தீராது. வண்டியைத் தாழ்த்தியது அதிகமாகிவிட்டது, அல்லது எடைக்கு ஸ்பிரிங் போதவில்லை. தட்டை ஏற்ற வேண்டும், அல்லது ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். அமுங்க இடமே இல்லாத ஷாக்கை எந்த எண்ணில் வைத்தாலும் வண்டி நம் வேகத்தடைகளை நன்றாகக் கடக்காது.

இரண்டு எண்கள் போதும்

இப்படிக் கண்ட எண் சுமை குறைவான நாளுக்கானது. அதே சாலையில் பின்சீட் நிறைய ஆளும் டிக்கி நிறைய சாமானுமாக ஒரு தடவை ஓட்டி, மிதப்பு அடங்க எத்தனை கிளிக் கூடுதலாக வேண்டும் என்று பாருங்கள். அந்த இரண்டாவது எண்ணையும் எழுதி, டிக்கி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். நீண்ட பயணத்துக்குக் கிளம்பும் முன் அந்த அளவுக்கு இறுக்கிவிட்டு, திரும்பியதும் தளர்த்திவிட வேண்டும். தளர்த்த மறந்தால் காலி வண்டி அடுத்த நாளே பாலத்தில் அடிக்கும்.

பருவம் மாறும்போது மறுபடி பார்ப்பதும் நல்லது. கத்திரி வெயிலில் எண்ணெய் இளகி, அதே கிளிக்கில் தணிப்பு சற்றுக் குறையும். மோசமான சாலையில் நெடுநேரம் ஓடினால் ஷாக் சூடேறி எண்ணெயில் குமிழி தோன்றலாம். அதைத் தடுக்கத்தான் நைட்ரஜன் அழுத்தம் ஏற்றிய ஷாக்குகள் வந்தன. அந்த அமைப்பை 1950-களில் வளர்த்தெடுத்தவர் பிரெஞ்சுக்காரர் பூர்சியே தெ கார்போன். மழைக்காலத்தில் இறுக்கமான பின்பக்கம் ஆபத்து. ஈரச் சாலையின் வளைவில் பின்பக்கம் வழுக்கி வெளியே போகலாம். ஐப்பசி பிறக்கும் முன் ஒன்றிரண்டு கிளிக் தளர்த்தி வைப்பது முன்னெச்சரிக்கை.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. காயில்ஓவர் மாட்டுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விலை உயர்ந்த கிட்டுக்கும் விலை குறைந்த கிட்டுக்கும் வேறுபாடு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தன் சாலைக்குச் சரியாகத் திருகி வைத்த சாதாரண ஷாக், திருகாமல் முழு ஹார்டில் விட்ட உயர்ந்த ஷாக்கைவிடப் பாதுகாப்பானது. இந்தக் கரிசல் சாலைகள் ஒரே நாளில் சமமாகிவிடப் போவதில்லை. அவற்றில் நம் வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் தினமும் பின்சீட்டில் பயணம் செய்கிறார்கள். ஒரு காலை நேரத்தை ஒதுக்கி, எண்ணி, ஓட்டி, எழுதி வைத்தால் அவர்களின் பயணம் இலகுவாகும். அவசரத்தில் பிரேக் மிதிக்கும்போது நான்கு சக்கரங்களும் தரையில் இருக்கும். குமிழ் இருப்பது அதற்காகத்தான்.